மொக்கை பிட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

குரோமில் பதனிட்டு முடித்த தோல் ஷேவிங் மிஷினுக்கு வரும்போது ஈரமாக, வெளிர் நீலமாக இருக்கும். முதுகுப் பக்கம் ஒரு கனம், வயிற்றுப் பக்கம் ஒரு கனம். ஷூவின் மேல்பாகமான அப்பருக்குப் போகிற தோல் என்றால் அதை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக, எல்லா இடத்திலும் ஒரே கனத்துக்குச் சீவி இறக்க வேண்டும். வேகமாகச் சுழலும் ஓர் உருளைதான் அந்த வேலையைச் செய்கிறது. உருளையின் நடுவிலிருந்து இரு பக்கமும் திருகலாகப் பிரிந்து ஓடும் எஃகு அலகுகள் தோலைச் சீவித் தள்ளும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் வரிசையாக இருக்கும் தோல் ஊர்களில் இது அன்றாடக் காட்சி. அந்த மிஷினிலேயே ஒரு சாணைக்கல்லும் பொருத்தப்பட்டிருக்கும். அலகு மழுங்கியது தெரிந்தவுடன் கல் உருளையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகரும், தீப்பொறி பறக்கும், சற்று நேரத்தில் அலகு மறுபடியும் கூராகிவிடும். சாணை பிடித்துப் பிடித்து அலகு கட்டையாகி, இனிப் பிடிக்க உயரமே இல்லை என்ற நிலையில்தான் புது அலகு பதிப்பார்கள்.

அதே மிஷினில் ஒரு போல்ட் உடைந்து, 8 மில்லி துளை ஒன்று போட வேண்டி வந்தால் கதை மாறிவிடுகிறது. டிரில்லிங் மிஷினில் மாட்டிய பிட்டு கீச்சிடும், புகையும், இறங்காது. "அண்ணே, பிட்டு மொக்கையாயிடுச்சு, கடைக்கு யாரையாவது அனுப்புங்க" என்பார் ஃபிட்டர். ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போவார். பழைய பிட்டு இரும்புக் கழிவு டப்பாவில் விழும். வீடுகளில் அந்த டப்பாகூடக் கிடையாது. திரைச்சீலைக் கம்பிக்கும் கதவுத் தாழ்ப்பாளுக்கும் துளை போட வாங்கிய பிட்டு மழுங்கியதும் நேராகக் குப்பைக்குத்தான்.

சாணைக்கல்லோடு வாழ்ந்து பழகிய வட்டாரத்துக்கு இந்தப் பழக்கம் பொருந்தவில்லை. இரும்பில் துளை போடும் பிட்டு, ஐந்தாறு மில்லியோ அதற்கு மேலோ இருந்தால், ஒரு முறையாவது சாணை பிடித்துப் பார்க்காமல் அதைத் தூக்கிப் போடுவது வீண் செலவு. மெல்லிய பிட்டுகளுக்கும் சுவர் துளைக்கும் பிட்டுகளுக்கும் வேறு கணக்கு உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் இந்த ஊர்கள் ஏற்கெனவே அறிந்து வைத்திருப்பது என்ன என்று பார்ப்போம். தடித்த தோலை இரண்டு அடுக்காகப் பிளக்கும் ஸ்ப்ளிட்டிங் மிஷினில் முடிவில்லாமல் சுற்றும் பட்டைக் கத்தி ஒன்று உண்டு. அந்தக் கத்தி தோலைப் பிளந்துகொண்டிருக்கும்போதே, இன்னொரு பக்கம் இரண்டு சாணைச் சக்கரங்கள் அதன் விளிம்பைத் தீட்டிக்கொண்டே இருக்கும். வேலையும் சாணையும் ஒரே நேரத்தில் நடக்கும். தீட்டுவதை நிறுத்தினால் தோலின் கனம் ஏறி இறங்கிவிடும் என்பதால் மிஷினைச் செய்தவர்களே இப்படி அமைத்திருக்கிறார்கள்.

ஷூ கம்பெனிகளுக்குள் போனால் ஸ்கைவிங் மிஷின் இருக்கிறது. அப்பரின் விளிம்பை மடித்துத் தைப்பதற்கு முன்னால் அந்த விளிம்பை மட்டும் மெலிதாகச் சீவ வேண்டும். சீவாமல் மடித்தால் அந்த இடம் தடித்துக் காலைக் கடிக்கும். மணி வடிவத்தில் சுழலும் அலகு ஒன்று இதைச் செய்கிறது. ஆம்பூர்ப் பக்கத்து ஆலைகளில் இந்த மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு அலகின் நிலை விரல் நுனியிலேயே தெரியும். தோல் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் கூர் இருக்கிறது. இழுத்தாலோ, சீவல் ஒரே நாடாவாக வராமல் துண்டு துண்டாக விழுந்தாலோ கல்லை அலகின்மேல் தொட வைக்க வேண்டும். தொட்டு எடுத்த பிறகு அலகின் உள்பக்கம் மெல்லிய பிசிறு திரும்பி நிற்கும். அதையும் தட்டி எடுத்தால்தான் சாணை முழுமை. இவ்வளவு நுணுக்கமான வேலையை வேலைக்கு நடுவே, எழுந்துகூடப் போகாமல் செய்துகொள்கிறார்கள்.

தோல் தொழிலில் கூர் போனால் உடனே காசு போகும். மழுங்கிய அலகு தோலின் நாரை வெட்டாமல் பிய்க்கும். பிய்ந்த தோல் தரம் இறங்கும். இந்தக் கணக்கு டேனரிக்கு வருவதற்கு முன்பே, ஆட்டுத்தொட்டியிலேயே தொடங்கிவிடுகிறது. தோலுரிக்கும்போது கத்தி தவறிப் பட்ட வெட்டுகள் இந்தியத் தோல்களின் பழைய குறைகளில் ஒன்று. உரிப்பதற்கென்று வளைந்த கத்தி இருக்கிறது, அதற்குச் சாணை தேவை. சரியில்லாத கத்தியைக் கை பலம் கொண்டு அழுத்தும்போதுதான் அது தோலுக்குள் இறங்குகிறது. பதனிட்டு, சாயமேற்றி, பளபளப்பாக்கிய பிறகும் அந்த வெட்டு மறையாது. அந்தப் பகுதியைத் தவிர்த்துத்தான் அப்பர் வெட்ட வேண்டும்.

டிரில் பிட்டுக்கும் இதே நியாயம்தான். மொக்கை பிட்டு வெட்டாது, உரசும். உரசினால் சூடேறும். சூடேறினால் மீதமிருக்கும் கூரும் போகும். துளை போடுகிறவர் பொறுமையிழந்து முழு எடையையும் போட்டு அழுத்துவார். கையடக்க மிஷினின் மோட்டார் திணறிக் காயில் எரிந்துபோவது இப்படித்தான். மெல்லிய பிட்டு முறிந்து தெறிப்பதும் இப்படித்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் உரசிய இடமே இறுகிக் கெட்டியாகி, அதன் பிறகு புதுப் பிட்டுக்கும் இறங்காமல் அடம் பிடிக்கும்.

இன்று நாம் வாங்கும் திருகு பிட்டு அமெரிக்காவின் ஸ்டீவன் மோர்ஸ் 1863இல் காப்புரிமை பெற்ற வடிவம். அதுவரை பெரும்பாலும் தட்டையான முனைகொண்ட பிட்டுகளே புழக்கத்தில் இருந்தன. வெட்டிய இரும்பு வெளியேற வழியில்லாமல் அவை துளைக்குள் அடைத்துக்கொள்ளும். மோர்ஸின் திருகு பள்ளம் சுருளைத் தானாக மேலே கொண்டுவந்தது. அடுத்த பெரிய மாற்றம் 1900ஐ ஒட்டி வந்தது. பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில் ஃபிரடெரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் உருவாக்கிய, நாம் எச்எஸ்எஸ் என்று அழைக்கும் எஃகு அது. பழைய கார்பன் எஃகு, சாணைக்கல்லில் கொஞ்சம் நீலம் பாரித்தாலே பதம் இழந்துவிடும். எச்எஸ்எஸ் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வரை கடினம் குலையாமல் தாங்கும். வீட்டிலும் பட்டறையிலும் மறுபடி மறுபடி சாணை பிடிக்க ஏற்ற பொருள் அது.

இதன் அளவுக் கணக்கைப் பார்த்தால் தூக்கிப் போடுவதன் அபத்தம் விளங்கும். வழக்கமான 10 மில்லி பிட்டின் மொத்த நீளம் 133 மில்லிமீட்டர். அதில் திருகு பள்ளம் மட்டும் 87 மில்லிமீட்டர். ஒரு முறை சாணை பிடித்தால் குறைவது பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்குள். முனை பெயர்ந்துபோயிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல். கடைசி ஓர் அங்குலத்தை விட்டுவிட்டாலும் அந்தப் பிட்டில் ஐம்பது சாணைக்குக் குறையாமல் எஃகு மிச்சம் இருக்கிறது. முதல் தடவை மழுங்கியதும் எறிவது, முனை ஒடிந்ததற்காக முழுப் பென்சிலையும் எறிவதற்குச் சமம்.

எறியப்படுவது சாதாரண இரும்பும் அல்ல. பரவலாகப் புழங்கும் எம்2 ரக எச்எஸ்எஸ் எஃகில் டங்ஸ்டன் சுமார் 6 சதவீதம், மாலிப்டினம் 5, குரோமியம் 4, வனேடியம் 2 சதவீதம். உலக டங்ஸ்டன் உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவில் நடக்கிறது. 2025 பிப்ரவரியில் டங்ஸ்டன், மாலிப்டினம் பொருட்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. டங்ஸ்டனுக்கு இந்தியா இறக்குமதியையே நம்பியிருக்கிறது. பழைய இரும்புக் கடையில் பிட்டு மற்ற இரும்போடு கலந்து எடைக்குப் போகும்போது அந்த உலோகங்களுக்கென்று தனி மதிப்பு எதுவும் கிடைப்பதில்லை.

பாலாற்று ஓரத்தில் குரோமியம் என்ற பெயரை அறியாதவர் இல்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் பாலாற்று மாசுக்காகத் தொடர்ந்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்றுக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நாலு டிரில் பிட்டைச் சாணை பிடிப்பதால் ஆறு சுத்தமாகிவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எதை எறிகிறோம், எறிந்தது எங்கே போகிறது என்ற கேள்வியை நீதிமன்றமே கேட்டுப் பழக்கிய மண் இது. பெரிய ஆலைகளிடம் கேட்கும் அந்தக் கேள்வியைச் சின்னப் பட்டறையும் தன்னிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சரி, வீட்டிலேயே சாணை பிடிக்க முடியுமா? 6 அங்குலச் சக்கரம் கொண்ட மேசை கிரைண்டர் இருந்தால் முடியும். பிட்டின் முனைக் கோணம் பொதுவாக 118 டிகிரி. அதில் பாதி, அதாவது 59 டிகிரி சாய்வில், வெட்டும் உதடு படுக்கைவாட்டில் இருக்கும்படி பிட்டைப் பிடித்துச் சக்கரத்தில் மெல்லத் தொட வேண்டும். தொட்டதும் பிட்டின் பின்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்க வேண்டும். அப்போதுதான் உதட்டுக்குப் பின்னால் 8 முதல் 12 டிகிரி வரை சரிவு விழும். அந்தச் சரிவு இல்லாவிட்டால் முனை எவ்வளவு பளபளத்தாலும் பிட்டு இறங்காது. புதிதாகப் பழகுகிறவர்கள் இடறுவது இந்த இடத்தில்தான். பிறகு பிட்டைப் பாதி சுற்று திருப்பி, அடுத்த உதட்டுக்கும் அதே அளவு, அதே அழுத்தம்.

இரண்டு உதடுகளும் ஒரே நீளம், ஒரே கோணம் இருக்க வேண்டும். ஒன்று நீண்டுவிட்டால் துளை பிட்டின் அளவைவிடப் பெரிதாகிவிடும். சரிபார்க்க விலையுயர்ந்த கேஜ் எதுவும் வேண்டாம். ஒரே அளவுள்ள இரண்டு அறுகோண நட்டுகளைப் பக்கம் சேர்த்து வைத்தால் நடுவே 120 டிகிரிப் பள்ளம் கிடைக்கும். பிட்டின் முனையை அந்தப் பள்ளத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், எந்தப் பக்கம் இடைவெளி தெரிகிறது என்பது கண்ணுக்கே புலப்படும். கடைசிச் சோதனை இரும்பில்தான். இரண்டு பள்ளங்களிலிருந்தும் ஒரே மாதிரி சுருள் வந்தால் வேலை சரி. ஒரு பக்கம் சுருளும் மறுபக்கம் பொடியும் வந்தால் மறுபடியும் கல்லுக்குப் போக வேண்டும்.

சூட்டைக் கவனிக்க வேண்டும். எச்எஸ்எஸ் பிட்டைச் சிவக்கும் அளவுக்கு அழுத்திவிட்டு டப்பென்று தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். தொட்டுத் தொட்டு எடுப்பதே நல்லது. கண்ணாடி அணியாமல் சாணை பிடிக்கவே கூடாது. கையுறை, தொங்கும் துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் சக்கரத்தின் அருகில் இருக்கக் கூடாது. சக்கரத்துக்கும் தாங்கிக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டால் பிட்டு அதற்குள் சிக்கும். ஆங்கிள் கிரைண்டரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையில் பிட்டைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடக்கூடிய கருவி அது. ஒரு பிட்டின் விலைக்கு விரலைப் பணயம் வைக்க வேண்டாம்.

இப்போது எதிர்க்கணக்கு. 3 மில்லிக்குக் கீழே உள்ள பிட்டு சில டீயின் விலைதான். அதன் உதடுகளைச் சமமாகச் சாணை பிடிக்கத் தேர்ந்த கையும் உருப்பெருக்கியும் வேண்டும். அந்த நேரத்துக்குப் புதிது வாங்குவதே சரி. சுவருக்கும் கான்கிரீட்டுக்கும் பயன்படும் பிட்டின் முனையில் டங்ஸ்டன் கார்பைடு துண்டு ஒட்டப்பட்டிருக்கும். வீட்டு கிரைண்டரின் சாம்பல் நிறக் கல் அதை வெட்டாது. பச்சை நிறச் சிலிக்கன் கார்பைடு கல் தேவை. அதன் தூளை மூச்சில் இழுப்பதும் ஆபத்து. வீட்டில் அதைத் தொடாமல் விடுவது நல்லது. ஒரே அளவில் நாளெல்லாம் துளை போடும் சிஎன்சி மிஷினுக்குக் கைச்சாணை ஒத்துவராது. அதற்கென்று சாணை மிஷின் வைத்திருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். தங்க நிறப் பூச்சுள்ள பிட்டைச் சாணை பிடித்தால் முனையில் பூச்சு போய்விடும் என்பதும் உண்மை. ஆனாலும் அடியில் இருக்கும் எஃகு நல்லதாக இருந்தால் அது வெட்டும். கோபால்ட் கலந்த பிட்டில் கோபால்ட் உடம்பு முழுக்க இருப்பதால் அந்தக் கவலையும் கிடையாது.

பெரிய பிட்டுகளில்தான் பணம் இருக்கிறது. ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலையைச் சுற்றி எத்தனையோ ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் இயங்குகின்றன. தடித்த பிளேட்டுகளில் 16, 20, 25 மில்லி துளைகள் அங்கே தினசரி வேலை. அந்த அளவுப் பிட்டு ஒன்றின் விலை பல நூறில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். அந்தப் பட்டறைகளில் கல்லருகே நின்று சாணை பிடிக்கத் தெரிந்த மூத்த கை ஒன்று கட்டாயம் தேவை. அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் பிட்டுச் செலவு ஏறும்.

பிட்டும் கல்லும் தூரத்துச் சரக்குகூட அல்ல. 1873இல் சென்னையில் தொடங்கிய அடிசன் நிறுவனம் டிரில் பிட் உள்ளிட்ட வெட்டுக்கருவிகளைச் செய்கிறது. சாணைச் சக்கரம் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சலை 1954இல் முருகப்பா குழுமம் வெளிநாட்டுக் கூட்டோடு சென்னையில் தொடங்கியது. பொருள் பக்கத்திலேயே கிடைக்கிறது. குறைவது சாணை பிடிக்கும் கைகள்தான்.

அது குறைவதற்குக் காரணம் தெளிவு. சாணை பிடிப்பதை யாரும் தனி வேலையாக மதித்துக் கூலி தருவதில்லை. லேத் பட்டறைக்குப் போய் "பாய், இதைக் கொஞ்சம் கல்லுல புடிச்சுக் குடுங்க" என்று கேட்பவர், அதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று நினைப்பதே இல்லை. பட்டறைக்காரரும் முகத்துக்காகச் செய்துகொடுத்துவிட்டு அடுத்த முறை "வேலை நிறைய இருக்கு" என்று சொல்லிவிடுகிறார். சைக்கிளில் சக்கரம் கட்டித் தெருத்தெருவாகக் கத்தி, அரிவாள்மனை சாணை பிடித்தவர்களுக்காவது ஒரு கூலி இருந்தது. டிரில் பிட்டுக்கு அப்படி ஒரு வழக்கமே உருவாகவில்லை.

அரசும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. வேளாண் கருவிகள், செல்போன் உள்ளிட்ட மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் முன்னிறுத்தப்பட்டன. நல்ல முயற்சி. ஆனால் அந்தப் பொருட்களையெல்லாம் பழுதுபார்க்கிறவர் கையில் இருக்கும் கருவியைப் பற்றி அதில் பேச்சில்லை.

இதற்குப் புதுத் திட்டமோ மானியமோ வேண்டியதில்லை. ஐடிஐ ஃபிட்டர் பிரிவின் இரண்டாண்டுப் படிப்பில் டிரில் பிட்டைச் சாணை பிடிப்பது செய்முறைப் பயிற்சியாக ஏற்கெனவே இருக்கிறது. மாணவர்கள் பயிற்சிக்காக ஒரே பிட்டையே மாற்றி மாற்றித் தேய்ப்பதற்குப் பதில், ஊரில் மழுங்கிக் கிடக்கும் பிட்டுகளைத் தேய்க்கட்டும். ஹார்டுவேர் கடை அவற்றை வாங்கிச் சேர்த்து வைக்கட்டும். வாரத்துக்கு ஒரு நாள் அவை ஐடிஐக்கோ பக்கத்து லேத் பட்டறைக்கோ போய்த் திரும்பட்டும். புதுப் பிட்டின் விலையில் ஒரு சிறு பங்கைக் கட்டணமாக வைத்தாலும் வாடிக்கையாளருக்கும் லாபம், சாணை பிடித்தவருக்கும் கூலி. கடைக்காரருக்குப் புதுப் பிட்டு விற்பனை கொஞ்சம் குறையும். ஆனால் கொடுத்த பிட்டை வாங்க வருகிறவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்பது கடை நடத்துகிறவருக்குத் தெரியும்.

டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் இதைத் தங்கள் மெயின்டனன்ஸ் அறையிலிருந்து தொடங்கலாம். ஷேவிங் அலகுக்கும் ஸ்கைவிங் அலகுக்கும் வைத்திருக்கும் ஒழுங்கைப் பிட்டுக்கும் கொண்டுவர ஒரு மேசை கிரைண்டரும் பழகிய ஒருவரும் போதும். அந்த ஒருவருக்குச் சம்பளத்தில் அதற்கான மதிப்பைச் சேர்க்க வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஹார்டுவேர் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா வையுங்கள். "மழுங்கிய பிட்டுகள் சாணை பிடித்துத் தரப்படும்" என்று எழுதி, எந்த அளவுக்கு என்ன கட்டணம் என்பதையும் கீழே ஒட்டுங்கள். வாங்க வருகிறவர்கள் புதுப் பிட்டைக் கேட்பதற்கு முன்னால் பழையதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அதில் போடட்டும்.